புள்ளி நகரவில்லை

அத்தியாயம் பதினொன்று

காலை ஏழு மணிக்கு அப்பா சிரிக்கும் சத்தம் கேட்டது. பெரியவள் அடுப்படியில் நின்றபடியே பல்லைக் கடித்தாள்.

அந்தச் சிரிப்பு அவளுக்கானதல்ல. ஐந்து மணி நேர ரயில் பயணத் தொலைவில் இருக்கும் தங்கைக்கானது. தினமும் இந்த நேரத்துக்குச் சின்னவள் வீடியோவில் வருவாள். அப்பா போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு, முகம் முழுக்க வெளிச்சமாக உட்கார்ந்திருப்பார்.

அம்மா போன இந்த இரண்டு வருடங்களாக அப்பா பெரியவளோடுதான் இருக்கிறார். காலை மாத்திரையையும் இரவு மாத்திரையையும் பிரித்து வைப்பவள் பெரியவள். மழை வருவதற்குள் மொட்டை மாடிக்கு ஓடி அவர் சட்டைகளை எடுத்து வருபவளும் அவள்தான். கால் நகம் வெட்டிவிடுவது, டாக்டரிடம் கூட்டிப்போவது, அவர் தொலைத்த பல் செட்டைத் தேடிக் கொடுப்பது எல்லாம் அவள் பங்கு. சிரிப்பு மட்டும் சின்னவள் பங்கு.

போன ஞாயிறுக்கு முந்தைய ஞாயிறு, இங்கே வந்திருந்தபோது சாப்பாட்டு மேசையில் வைத்துச் சின்னவள் போட்ட குண்டு இன்னும் புகைந்துகொண்டிருந்தது. அப்பா இனிமேல் தன்னோடு வந்து இருக்கட்டும் என்றாள் அவள். அப்பா மறுக்கவில்லை. "பாக்கலாம்" என்றார். அந்த ஒற்றைச் சொல்லை ஒன்பது நாளாகப் பெரியவள் மென்று கொண்டிருக்கிறாள். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

குக்கர் விசில் அடங்குவதற்குள் அவள் போன் முனகியது. 'நம்ம வீடு' குழுவில் சின்னவள் ஒரு படம் போட்டிருந்தாள். புதிதாக வெள்ளையடித்த அறை, கட்டில், ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலி. கீழே, 'அப்பா ரூம் ரெடி.'

படம் வந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் ஒரு சிவப்பு இதயம். அனுப்பியவர் அடுத்த அறையில்தான் உட்கார்ந்திருந்தார்.

போன வாரம் பெரியவளும் ஒரு படம் போட்டாள். தன் கையால் லென்ஸ் தேய்த்து, ஃபிரேமில் பொருத்தி, அப்பாவுக்குப் புதுக் கண்ணாடி மாட்டிவிட்ட படம். அத்தைகள், சித்தப்பாக்கள் எல்லாரும் கைதட்டினார்கள். அப்பா மட்டும் ஒன்றும் அனுப்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து இருக்கிற மனுஷன் எதுக்கு இதயம் அனுப்புவார் என்று கேட்ட கணவனோடு அன்றைக்கு அவள் பேசவே இல்லை.

இடது கண் இமை படபடவென்று துடித்தது.

அந்தத் துடிப்புதான் அவளைக் கண் டாக்டர் அம்மாவிடம் மாட்டிவிட்டது. அவள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடை அந்த டாக்டர் அம்மாவுடையது. மாடியில் பரிசோதனை, கீழே கடை. பன்னிரண்டு வருடமாக ஒரு லென்ஸ்கூடத் திரும்பி வராத பேர் பெரியவளுக்கு. போன வாரம் முதன்முறையாக ஒன்று திரும்பி வந்தது. மைனஸ் பவரைப் பிளஸ் என்று எழுதிவிட்டாள். அந்த நேரத்தில் அவள் ஒரு கண் மேசைக்கு அடியில் இருந்த போனில் இருந்தது. சின்னவள் 'ஆன்லைன்' என்று காட்டியது. அப்பாவும் 'ஆன்லைன்' என்று காட்டியது. இரண்டு பேரும் என்ன பேசிக்கொள்கிறார்கள்?

டாக்டர் அம்மா திட்டவில்லை. இமைத் துடிப்புக்குச் சொட்டு மருந்தும் கொடுக்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை போனைப் பார்க்கிறாய் என்று மட்டும் கேட்டார். பெரியவள் ஒரு இருபது இருக்கும் என்றாள். போனையே கேட்டுப் பார்த்ததில் அது நூற்று அறுபத்து நான்கு என்றது. டாக்டர் அம்மா சிரிக்காமல் ஒரு விதி போட்டார். செவ்வாய்க்கிழமையிலிருந்து, காலை பத்து முதல் ஒரு மணி வரை போன் சத்தமில்லாமல் லென்ஸ் அலமாரியின் கீழ் டிராயருக்குள் போக வேண்டும். அவசரமென்றால் கணவனிடம் கடை நம்பர் இருக்கிறது.

இன்று அந்தச் செவ்வாய்க்கிழமை.

முதல் அரை மணி நேரம் உயிர் போய் உயிர் வந்தது. டிராயர் நடுங்குவது போல இருந்தது. திறந்து பார்த்தால் நடுங்கவில்லை. இடுப்பில் ஏதோ அதிர்ந்தது. தொட்டுப் பார்த்தால் வெறும் புடவை மடிப்பு. வெள்ளையடித்த அந்த அறைக்கு இப்போது எத்தனை இதயம் விழுந்திருக்கும் என்ற கணக்கு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு வாடிக்கையாளரின் இரண்டு கண்மணிகளுக்கும் இடையே அளவுகோலை வைத்துவிட்டு, எண்ணைப் படிக்காமல் அப்படியே நின்றாள். பாவம், அவர் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்.

பதினோரு மணிக்கு மேல்தான் கை பழைய கையாயிற்று. ஃபிரேமின் காதுப் பகுதியைச் சூடு காட்டி வளைக்கும்போது வரும் அந்த மெல்லிய வாசனை அவளுக்கு எப்போதும் பிடிக்கும். எத்தனை நாளாயிற்று அதை முகர்ந்து என்று தோன்றியது. இமை துடிக்கவில்லை. நாலு கண்ணாடி முடித்தாள். நாலும் சுத்தம்.

பன்னிரண்டேகால் மணிக்குக் கடையின் தரைவழி போன் அடித்தது. அவள் கணவன். லிஃப்ட் மெக்கானிக்கான அவன், ஏதோ ஒரு கட்டடத்தின் உச்சியிலிருந்து இரைச்சலுக்கு நடுவே பேசினான். பதறாமல் கேள் என்று ஆரம்பித்தான். அவள் கையிலிருந்த ஃபிரேமைக் கீழே வைத்தாள்.

"அப்பா ஒன்பதரை மணிலேருந்து ஒரே எடத்துல இருக்காராம். போன் அடிக்குது, எடுக்கல. சின்னவ உனக்குப் போட்டுப் போட்டுப் பாத்துட்டு எனக்குப் போட்டா. அழறா."

பெரியவள் டிராயரை இழுத்தாள். இருபத்து மூன்று தவறிய அழைப்புகள். எல்லாம் சின்னவள்.

போன வருடம் நடுத்தெருவில் தலை சுற்றி விழுந்தவர் அப்பா. அது நினைவுக்கு வந்ததும் தங்கையைக் கூப்பிட்டாள்.

சின்னவள் அழுது அழுது குரல் கம்மியிருந்தாள். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு தெரு, அங்கேதான் இருக்கிறார், புள்ளி நகரவே இல்லை என்றாள்.

"என்ன புள்ளி?"

"லொக்கேஷன்க்கா. அப்பா எங்க இருக்காருன்னு என் போன்ல தெரியும்."

"எப்பலேருந்து?"

சின்னவள் மூக்கை உறிஞ்சினாள்.

"எட்டு மாசமா. அவர் மயங்கி விழுந்தாரே, அப்போ வந்தப்ப போட்டு வெச்சேன். நீதான் கூடவே இருக்கியே, உனக்கு எதுக்குன்னு நெனச்சேன்."

அப்பாவுக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிக்கொண்டிருந்த அதே நெஞ்சில், சுருக்கென்று அந்த முள்ளும் ஏறியது. எட்டு மாதம். அப்பா எந்தத் தெருவில் திரும்புகிறார், எந்தக் கடையில் நிற்கிறார் எல்லாம் அங்கே தெரிந்திருக்கிறது. இங்கே, அவர் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவளுக்கு ஒன்றும் தெரியாது. எந்த நேரத்தில் எதற்குப் பொறாமைப்படுகிறோம் என்று தன் மேலேயே அருவருப்பு வந்தது. அருவருப்பு வந்தும் பொறாமை போகவில்லை. இரண்டும் கூடவே ஓடி வந்தன.

"அந்த மேப்ப அனுப்பு. போறேன்" என்று வைத்தாள். டாக்டர் அம்மாவிடம் ஒரு வரி சொல்லிவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தெருவில் இறங்கினாள்.

வழியெல்லாம் கணக்குப் போட்டாள். பத்து மணிக்குப் போனை டிராயருக்குள் போட்டேன். முதல் அழைப்பு பத்தரைக்கு. அந்த நேரமே கிளம்பியிருந்தால்? நிம்மதி வேண்டும் என்று நினைத்த முதல் நாளே இப்படியா? ஏதாவது ஆகியிருந்தால் சின்னவள் சாகும்வரை சொல்லிக் காட்டுவாள்.

மார்க்கெட்டைத் தாண்டி அந்தத் தெருவுக்குள் நுழைந்தபோது மூச்சு இரைத்தது. புள்ளி காட்டிய இடத்தில் ஒரு செல்போன் பழுது பார்க்கும் கடை இருந்தது. உள்ளே நடுத்தர வயதுக்காரர் ஒருவர் ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு ஒரு போனின் வயிற்றைக் கிழித்து வைத்திருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தட்டில் ஏழெட்டு போன்கள். அதில் ஒன்றின் திரை சத்தமில்லாமல் ஒளிர்ந்து ஒளிர்ந்து அணைந்தது. திரையில் சின்னவளின் முகம்.

பெரியவள் வாய் திறப்பதற்குள் அவர் ஆளைப் புரிந்துகொண்டார். பெரியவருடைய பெண்ணா என்று கேட்டு, ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். விழுந்தது, மயங்கியது எதுவும் இல்லை, ஜம்மென்று நடந்து போனார் என்றார்.

"செவ்வாய், வெள்ளி ரெண்டு நாளும் வந்து குடுத்துட்டுப் போவாரும்மா. சார்ஜ் போட்டு வைங்கம்பாரு. பாத்தா சார்ஜ் ஃபுல்லாத்தான் இருக்கும். நானும் ஒண்ணும் கேக்கறதில்ல."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும். ஒரு மணி நேரத்துல வந்துடுவாரு. இன்னிக்குத்தான் லேட்டு."

எங்கே போவார் என்று அவருக்குத் தெரியவில்லை. சைக்கிள் கடை இருக்கும் பக்கமாகத் திரும்புவதை மட்டும் பார்த்திருக்கிறார். தட்டிலிருந்து அப்பாவின் போனை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

தெருவோரம் நின்று சின்னவளுக்கு இரண்டு வரி அனுப்பினாள். அப்பாவுக்கு ஒன்றுமில்லை, போனைக் கடையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார், ஆளைப் பார்த்ததும் கூப்பிடுகிறேன். பிறகு கையில் இருந்த அந்த இன்னொரு போனைப் பார்த்தாள்.

திறப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியும். மத்தியானம் அப்பா கண் அயரும் நேரங்களில் எத்தனையோ தடவை திறந்திருக்கிறாள். சின்னவளோடு எத்தனை நிமிடம் பேசினார் என்று மட்டும் பார்ப்பாள். அவர்களுடைய தனி உரையாடலைத் திறக்க இதுவரை தைரியம் வந்ததில்லை. அதில் தன்னைப் பற்றி ஏதாவது இருந்துவிட்டால்?

இன்று திறந்தாள்.

'தண்ணி குடிச்சீங்களாப்பா?' அதற்கு ஒரு கட்டைவிரல். 'ஏன் மார்க்கெட் பக்கம் போனீங்க?' ஒரு கட்டைவிரல். 'ஏன் பதில் இல்ல? பயமா இருக்கு.' ஒரு இதயம். 'நின்னுட்டே இருக்கீங்களே, உக்காருங்க.' 'வெயில்ல ஏன் இருக்கீங்க?' 'பத்து நிமிஷமா ஆன்லைன் வரல.' இதயம், கட்டைவிரல், இதயம். மேலே மேலே தள்ளிக்கொண்டே போனாள். நாளைக்கு முப்பது, நாற்பது. எல்லாம் சின்னவளுடைய கேள்விகள். குழுவில் அவள் இத்தனை மாதமாக நெஞ்சு எரிந்து எண்ணிய இதயங்களும் இப்படிப்பட்டவைதான். போதும், விடு என்பதற்கு அப்பா கண்டுபிடித்த சுருக்கு வழி.

முழு வாக்கியமாக அப்பா எழுதியது ஒன்றே ஒன்றுதான் கண்ணில் பட்டது. போன வாரத்தில். 'பெரியவளுக்கு கண்ணு துடிக்குது. ராத்திரி சரியா தூங்கறதில்ல. நீ அவகிட்ட பேசு.'

அதற்குச் சின்னவள், 'அவ என்கிட்ட ஒரு வார்த்தைக்கு மேல பேச மாட்டாப்பா' என்று எழுதியிருந்தாள்.

பெரியவள் போனை அணைத்தாள். தெரு கொஞ்சம் கலங்கலாகத் தெரிந்தது.

சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் ஒரு குறுகலான மாடிப்படி. அதன் மேல்படியில் அப்பா உட்கார்ந்து பஸ்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்து நாலு வருடம் பஸ் ஓட்டிய மனிதர். எந்த பஸ் எந்த கியரில் திணறுகிறது என்று சத்தத்திலேயே சொல்வார். மகளைப் பார்த்ததும் திடுக்கிடவில்லை. அவள் கையில் இருந்த தன் போனைத்தான் முதலில் பார்த்தார்.

திட்ட வேண்டும் என்று ஏறி வந்தவளுக்கு, கடைசிப் படியில் திட்டு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சின்னவ அழுதுட்டு இருந்தாப்பா. நான் செத்தே போனேன்."

"தப்புதாம்மா. சீக்கிரம் வந்துடலாம்னுதான் இருந்தேன். வீட்டுக்காரர் வர லேட்டாயிடுச்சு."

எந்த வீட்டுக்காரர் என்று அவள் கேட்பதற்குள் அவர் எழுந்து பின்னால் இருந்த கதவைத் திறந்தார். ஒரே அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, பெரிய சாலையைப் பார்த்தபடி ஒரு ஜன்னல். வெள்ளையடிக்கவில்லை. சுவரில் முன்பு யாரோ மாட்டிய காலண்டரின் தடம்.

"ரெண்டு மாசமா இந்தப் படியிலதான் வந்து உக்காந்துட்டுப் போறேன். ரூம் காலின்னாங்க, ஒண்ணாந்தேதி வரேன்னு சொல்லிட்டேன்."

சின்னவள் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் பெரியவளிடம் ஒரு சண்டை தயாராக இருந்தது. ஒன்பது நாளாக வார்த்தை வார்த்தையாகத் தீட்டி வைத்த சண்டை. இதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை. தன் வீட்டில் என்ன குறை என்று கேட்டாள். சாப்பாடா, மருமகனா, தான் பேசிய பேச்சா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"முப்பத்து நாலு வருஷம் டைம்கீப்பர்கிட்ட எழுதிக் குடுத்துட்டுத்தான் நகர்ந்தேன். எத்தன மணிக்கு எங்க நின்னே, ஏன் நாலு நிமிஷம் லேட்டு. ரிட்டையர் ஆனா அது போச்சுன்னு நெனச்சேன். காலைல சின்னவ கூடப் பேசறது சந்தோஷம்தாம்மா, இல்லேங்கல. அதுக்கப்பறம் நாள் பூரா பாக்கெட்டு துடிச்சுட்டே இருக்கு. அது துடிச்சா எனக்கு நெஞ்சும் சேந்து துடிக்குது."

"அதை அவகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

கேட்கும்போதே குரலில் ஒரு குதூகலம் எட்டிப் பார்த்தது அவளுக்கே தெரிந்தது. ஆக, அவர் ஓடுவது சின்னவளிடமிருந்துதான். தன்னிடமிருந்து இல்லை. எட்டு மாத முள் சட்டென்று கழன்று விழுந்த மாதிரி இருந்தது.

அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மத்தியானம் நான் கண்ண மூடிப் படுத்திருப்பேன். நீ வந்து போனை எடுப்பே. எல்லா நாளும் நான் தூங்கறதில்லம்மா."

அவள் முகம் சுண்டிப்போனது. சேலைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடியும் சுற்றினாள்.

"அவ தூரத்துலேருந்து பாக்கறா, நீ பக்கத்துலேருந்து பாக்கறே. யாருக்கு அதிகமா சிரிச்சேன், யாருக்கு என்ன அனுப்பினேன்னு நானும் யோசிச்சு யோசிச்சு அனுப்ப வேண்டியிருக்கு. இது ஒண்ணும் கோவமில்ல. உன் வீடு பத்து நிமிஷ நடைதான். சாப்பாட்டுக்கு வந்துடுவேன். கொஞ்ச நேரம் யாரும் பாக்காம இருக்கணும்னு இருக்கு. அவ்வளவுதான்."

கீழே ஒரு பஸ் திணறிக்கொண்டே மேடேறியது. மன்னிப்புக் கேட்கலாமா என்று பெரியவள் யோசித்தாள். கேட்டால் அழுகை வந்துவிடும் போலிருந்தது. கட்டிலின் காலை ஆட்டிப் பார்த்து, ஆடுகிறது, ஒரு அட்டை வைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அப்பாவுக்கு அதுவே போதும் போல. தோளில் தட்டினார்.

அவள் போன் அதிர்ந்தது. சின்னவள்.

அப்பா கையை நீட்டித் தடுத்தார். இந்த அறை விஷயத்தைத் தானே சொல்லிக்கொள்வதாகவும், இப்போது எதுவும் சொல்ல வேண்டாம் என்றும் தணிந்த குரலில் கேட்டுக்கொண்டார்.

பெரியவள் எடுத்தாள். அப்பா பக்கத்தில்தான் இருக்கிறார், நன்றாக இருக்கிறார் என்றாள். எங்கே இருந்தார், இத்தனை நேரம் என்ன செய்தார் என்று சின்னவள் திருப்பித் திருப்பிக் கேட்டாள். பின்னால் தடதடவென்று ஏதோ இரைச்சல்.

பெரியவள் அந்த அறையைச் சுற்றிப் பார்த்தாள். தனக்குத் தெரிந்து, தங்கைக்குத் தெரியாத ஒரு விஷயம். எட்டு மாதத்துக்குப் பிறகு முதன்முறையாக. வெட்கமாக இருந்தது, இருந்தும் அது நாக்கில் வெல்லக்கட்டி போல் இனித்தது.

"வந்து அவரையே கேட்டுக்கோ" என்றாள். கொஞ்சம் மென்மையாகவே சொன்னாள்.

"வந்துட்டுத்தான்க்கா இருக்கேன். ரயிலேறிட்டேன், அஞ்சே முக்காலுக்கு அங்க இருப்பேன். இனிமே என்னால இப்படிப் பயந்துட்டு இருக்க முடியாது. நாளைக்குத் திரும்பறதுக்கு அப்பாவுக்கும் சேத்து டிக்கெட் போட்டுட்டேன். நீ சண்டை போட்டாலும் சரி, கூட்டிட்டுப் போகப் போறேன்."

பெரியவள் கடைசி வரை கேட்டுக்கொண்டாள். வைத்துவிட்டு, அப்படியே அப்பாவிடம் சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அப்பா மெல்லக் கட்டிலில் உட்கார்ந்தார். இன்றைக்கே சொல்லியாக வேண்டுமா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். நீயும் கூட இரு, தனியாகச் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது என்றார். முப்பத்து நாலு வருடம் அத்தனை கனத்தை ஓட்டியவர், சின்ன மகளுக்குப் பயந்தார்.

இருக்கிறேன் என்று தலையசைத்தாள். கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டிய நேரம். அப்பா பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்தார். ஒரு வளையத்தில் இரண்டு சாவிகள், ஒன்றைப் போலவே இன்னொன்று.

பெரியவள் பார்வை அதில் போய் ஒட்டிக்கொண்டது. கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். கேட்டுவிட்டாள்.

"ரெண்டாவது சாவி யாருக்குப்பா?"

அப்பா பூட்டைத் திருகி, இழுத்துப் பார்த்து, சாவிக்கொத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இன்னும் முடிவு பண்ணலம்மா" என்றபடி படியிறங்கினார்.